ஒசாகா நகரத்து ஆவிப் பண்டம்

நம் புரோத்ராபூர்க் குடும்பங்களில் 'ஜப்பான்' என்றதும் பலகாரம் நினைவுக்கு வருவதில்லை. 1942 மார்ச் 23-இல் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியதும், 1944 ஜனவரி 30-இல் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், போர் முடியுந் தறுவாயில் மக்கள் அரிசியின்றிப் பட்டினி கிடந்ததும் தீவின் முதியோர் வாய்மொழியாக நாம் கேட்டறிந்தவை.

சென்ற ஆண்டு, ஒசாகாவில் பணிபுரியும் எம் தமக்கை மகன் இல்லத்திற்குப் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். முதல் நாள் மாலையே அவன் ஒரு காகிதப் பெட்டியைக் கொணர்ந்து வைத்தான். மூடியைத் திறந்ததும் ஆவியும் வெங்காய மணமும் அறையை நிறைத்தன. உள்ளே, கைப்பிடியளவில் வெள்ளை வெளேரென்ற உருண்டைகள். உச்சியில் கொழுக்கட்டையைப் போன்ற மடிப்பு. '551 ஹோராய்' என்னும் கடையின் பன்றியிறைச்சிப் பண்டம் அது. பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்த தாயின் மகள் அவர். "அவர்கள் பண்டம் எனக்கு வேண்டாமப்பா" என்றார்.

அப்போது அவன் கடையின் வரலாற்றைக் கூறினான். 1945-இல், குண்டுவீச்சில் எரிந்து கிடந்த ஒசாகாவின் நம்பா பகுதியில் அதனைத் தொடங்கியவர் ஜப்பானியர் அல்லர். தைவானிலிருந்து பிழைக்க வந்தவர். தைவானும் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த தீவே. சீனர் உண்ணும் பண்டத்தை அந்நகர மக்களின் நாவுக்கேற்ப மாற்றி அவர் விற்றார். அவ்வட்டாரத்தில் வெறுமனே 'இறைச்சி' என்றால் மாட்டிறைச்சியையே குறிக்கும்; ஆதலால் இதற்குப் பன்றியின் பெயரை முன்வைத்து 'புத்தாமன்' என்று பெயர் வழங்குகிறது. 551 என்பது கடையின் பழைய தொலைபேசி எண்ணிலிருந்து வந்தது. இன்று நாளொன்றுக்கு 1,50,000-க்கு மேல் விற்பனையாகிறது. மாவு ஒசாகாவிலுள்ள தொழிற்சாலையிலிருந்தே செல்ல வேண்டியிருப்பதால், அவ்வட்டாரத்திற்கு அப்பால் கிளைகள் இல்லை.

"அவரும் நம்மைப்போல் கடல் கடந்து வந்தவர்தானா?" என்று பெரியம்மா கேட்டார். பின்னர் ஒன்றை எடுத்துப் பிட்டு, உடன் வந்த கடுகு விழுதைத் தொட்டு உண்டார். மாவு இலேசான இனிப்பு. உள்ளே சாறு ததும்பும் இறைச்சியும் வெங்காயமும். "மிளகு போதாது" என்பதே அவர் தீர்ப்பு. ஆயினும் இரண்டாவதையும் எடுத்தார்!

ஊர் திரும்பியதும் இட்லிக் கொப்பரையில் செய்து பார்த்தோம். மைதாவில் ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, வெதுவெதுப்பான நீர் சேர்த்துப் பிசைந்து, இருமடங்கு பொங்கும்வரை மூடி வைத்தல் வேண்டும். கொத்திய இறைச்சியும் வெங்காயமும் மிளகும் வைத்து மடித்து, இருபது நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். முதல் முறை மூடியிலிருந்து சொட்டிய நீரால் அனைத்தும் கூழாயின. மூடியைத் துணியால் சுற்றிக் கட்டியபின் குறை நீங்கியது. பன்றியிறைச்சியை விலக்கிய அன்பர்கள் கோழியோ, மசித்த உருளைக்கிழங்கோ, தேங்காய்ப் பூரணமோ வைக்கலாம்.

தமிழகத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். வந்தேறிய ஒருவர் கொணர்ந்த பண்டத்தை ஒசாகா மக்கள் இன்று தம்முடையதென்று பெருமை பேசுகின்றனர். நம் அடுக்களைப் பண்டங்களையும் இத்தீவு அவ்வாறே தன்னுடையதென்று கொள்ளும் நாள் வருக. பழைய துயரை மறக்க வேண்டுவதில்லை, பெரியம்மா மறக்கவுமில்லை. ஆயினும் மறு ஞாயிறன்று கொப்பரையை அடுப்பிலேற்றியவர் அவரே.