பேதியில் படுத்தவருக்கும் 'பிளேட்லெட்' குறையும்: டெங்கு மட்டுமே காரணம் அல்ல

வில்லியனூர்:
மழைக்காலம் வந்து விட்டால் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் "பிளேட்லெட் இறங்கிடுச்சாம்" என்ற பேச்சுதான். கேட்டவுடன் எல்லோரும் நினைப்பது டெங்கு. ஆனால் டைபாய்டு, ரத்தபேதி போன்ற கடுமையான குடல் நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கும் பிளேட்லெட் எனப்படும் ரத்த தட்டணுக்கள் குறைவது உண்டு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

தண்ணீரால் வரும் வினை

2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்ஜல் புயல் புதுவை அருகே கரையை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை ஆற்று வெள்ளத்தில் பாகூர் பகுதி கிராமங்கள் தத்தளித்தன. இப்படி வெள்ளம் சூழும்போது குடிநீரில் கழிவுநீர் கலந்தால் குடல் நோய் பரவும். 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கும், காலராவும் பரவியதால் பொது சுகாதார அவசர நிலையே அறிவிக்கப்பட்டது.

சாதாரண பேதியில் தட்டணு குறைவதில்லை. உடம்பில் நீர் வற்றுவதுதான் அங்கே ஆபத்து. உப்பு சர்க்கரை கரைசல் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகி விடும். பேதியோடு தட்டணுவும் இறங்கினால் நோய் குடலை தாண்டி விட்டதோ என்று பார்க்க வேண்டும்.

ஏன் குறைகிறது?

ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1½ லட்சம் முதல் 4½ லட்சம் வரை தட்டணுக்கள் இருக்க வேண்டும். இது குறைய முக்கிய காரணங்கள் 3.

முதலாவது டைபாய்டு. இந்த கிருமி எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்து தட்டணு உற்பத்தியை மந்தமாக்கி விடும். வீங்கிய மண்ணீரலும் தட்டணுக்களை பிடித்து வைத்துக்கொள்ளும். 2, 3-வது வாரத்தில் குடலில் ரத்தக்கசிவு, ஓட்டை விழுவதும் நடக்கலாம்.

இரண்டாவது, குடலில் உள்ள கிருமி ரத்தத்தில் பரவுவது. அப்போது சின்ன ரத்தக்குழாய்களில் எல்லாம் ரத்தம் உறைந்து தட்டணு செலவாகி விடும்.

மூன்றாவது, சிலவகை ஈகோலி, ஷிகெல்லா கிருமிகளின் விஷம். இது சிறுநீரகத்தையே தாக்கும். சின்ன குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். 2011-ல் ஜெர்மனியில் இப்படி ஒரு ஈகோலி கிருமி 3 ஆயிரத்து 800-க்கும் மேற்பட்டோரை தாக்கியது. 50-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். முளைகட்டிய வெந்தயத்தில் இருந்து அது பரவியது தெரியவந்தது.

ரத்தம் ஏற்றினால் போதுமா?

"பிளேட்லெட் ஏத்துங்க சார்" என்று உறவினர்கள் டாக்டரிடம் கெஞ்சுவது வழக்கம். ரத்தக்கசிவு இல்லாவிட்டால் பொதுவாக 10 ஆயிரத்துக்கு கீழே போனால்தான் ஏற்றுவார்கள். கிருமி ரத்தத்தில் பரவியவருக்கு 20 ஆயிரத்துக்கு கீழே இறங்கினாலே ஏற்றுவது உண்டு. சிறுநீரகம் பாதித்த வகையில் கூடுமானவரை ஏற்றுவதை தவிர்ப்பார்கள். கிருமியை அடக்கினால் எண்ணிக்கை தானாக ஏறும். சில நேரம் குழாயில் ரத்தம் திரண்டு கொள்வதால் குறைவாக காட்டுவதும் உண்டு. அதனால்தான் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.

பப்பாளி இலை சாறை நம்பி வீட்டிலேயே நாளை கடத்தக்கூடாது. பேதியில் கிடப்பவருக்கு அது வாந்தியை கிளப்பி விடலாம்.

எப்போது ஓட வேண்டும்?

மலத்தில் ரத்தம், கருப்பாக மலம் போவது, சிறுநீர் குறைவது, உடம்பில் சிவப்பு புள்ளி, ஈறில் ரத்தம், மயக்கம், வயிறு கல் மாதிரி இறுகுவது. இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். ரத்தபேதிக்கு பேதியை நிறுத்தும் மாத்திரையோ, வலி மாத்திரையோ மருந்துக்கடையில் கேட்டு வாங்கி போடக்கூடாது. காய்ச்சலுக்கு முன்பே சாப்பிட்ட மாத்திரை அட்டை இருந்தால் அதையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குடிக்கும் தண்ணீரை கொதிக்க வைப்பதும், சாப்பிடும் முன் சோப்பு போட்டு கை கழுவுவதும்தான் முதல் வைத்தியம். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. நோயாளிக்கு சிறுநீர் சரியா போகுதான்னும் பாருங்க.