கரன்ட் போனதும் ஜெனரேட்டரை பிளக்கில் செருகலாமா? மின்தடையில் டிவி, ஃப்ரிட்ஜ் பழுதாவது ஏன்?

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில், மருந்து அறைக்குள் நுழையும் முன் தொழிலாளர்கள் தவறாமல் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மண்ணோடு இணைத்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பொறி மருந்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்பது சிவகாசி, திருத்தங்கல், ஆனைக்குட்டம் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆனால் வீட்டில் கரன்ட் போய்விட்டால் இந்த ஜாக்கிரதை எல்லா ஊரிலும் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் இன்னொன்றை ஹாலில் இருக்கும் சாக்கெட்டிலும் செருகிவிடுகிறார்கள் சிலர். வீடு முழுக்க வெளிச்சம் வந்துவிடும். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்கிறதா, வாசலைத் தாண்டிக் கம்பத்துக்கும் போகிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. கம்பத்தில் அந்த நேரம் ஒருவர் ஏறியிருக்கலாம்.

மின்தடை நேரத்தில் சாதனங்கள் எப்போது பழுதாகின்றன? ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுக்குள் ஜெனரேட்டர் வந்த கதை

2012-ல் தமிழ்நாட்டின் மின்பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட்டைத் தொட்டது. சென்னையில் 2 மணி நேரம் கரன்ட் போனால், மற்ற மாவட்டங்களில் நாளுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் போனது. சிவகாசி அச்சகங்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடின. வீடுகளில் இன்வெர்ட்டரும், வசதி இருந்தால் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரும் இடம்பிடித்தன.

அந்தப் பற்றாக்குறைக் காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் மின்தடை முழுசாகப் போகவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள், செல்போனுக்கு சார்ஜ் போட்டார்கள். புயல் இல்லாத மாதத்திலும் பராமரிப்புப் பணி என்று காலை முதல் மாலை வரை கரன்ட் இருக்காது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு அது ஒரு முழு வேலைநாள்.

கரன்ட் போகும்போதா, வரும்போதா?

சாதனங்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் கரன்ட் வரும்போதுதான்.

கரன்ட் போனபோது ஆன் செய்திருந்த ஃப்ரிட்ஜ், ஏசி, தண்ணீர் மோட்டார் எல்லாம் அப்படியே இருக்கும். கரன்ட் வந்த நொடியில் தெருவில் உள்ள அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும். ஒரு மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரன்ட்டைக் கிளம்பும்போது இழுக்கும். அதனால் வோல்டேஜ் சட்டென்று சரியும், பிறகு ஏறும். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் இந்த ஆட்டம் இன்னும் அதிகம்.

லோ வோல்டேஜ்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று விடக் கூடாது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டாருக்குச் சுற்றும் வலு குறைகிறது. ஆனாலும் சுமையைத் தள்ள வேண்டியிருப்பதால் அது அதிக கரன்ட்டை இழுத்து, காயில் சூடாகிக் கருகுகிறது. ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கம்ப்ரஸர் நின்றபிறகு உள்ளே வாயு அழுத்தம் சமமாக 3 முதல் 5 நிமிடம் ஆகும். அதற்குள் கரன்ட் வந்து, போய், மறுபடி வந்தால் கம்ப்ரஸர் அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் திணறும். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர்கள் பலவற்றில் சில நிமிடம் தாமதித்து ஆன் ஆகும் வசதி இருப்பது இதற்காகத்தான்.

ஒரு பல்பு பளிச், இன்னொரு பல்பு மங்கல்?

ஒரே நிமிடத்தில் பல வீட்டு டிவிகள் புகைந்துபோகும் சம்பவங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது நியூட்ரல் பிரச்சினை.

தெருக் கம்பத்தில் மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். காற்றிலோ மரக்கிளை விழுந்தோ நியூட்ரல் மட்டும் அறுந்துவிட்டால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் தெரியாமலே ஒன்றுக்குப் பின் ஒன்றாக 400 வோல்ட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்கின்றன.

எளிய கணக்கு ஒன்று. ஒரு ஃபேஸில் 2,000 வாட் கீசர் ஓடுகிறது. இன்னொரு ஃபேஸில் 200 வாட் அளவுக்கு டிவியும் லைட்டும் மட்டும். நியூட்ரல் அறுந்ததும் கீசருக்குக் கிடைப்பது 40 வோல்ட்டுக்கும் கீழே. டிவி இருக்கும் பக்கம் 360 வோல்ட்டைத் தாண்டிவிடும். குறைவாகக் கரன்ட் செலவழித்த வீட்டில்தான் சேதம் அதிகம்.

வீட்டில் சில லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்றும் சில லைட் மங்கலாகவும் எரிந்தால், எதையும் யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். ஸ்பைக் கார்டு இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. அது கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக வந்துபோகும் மின்னழுத்தத் தாவலைத்தான் தடுக்கும். நிமிடக்கணக்கில் நீடிக்கும் அதிக வோல்டேஜில் அதுவே எரிந்துவிடும். லேப்டாப் சார்ஜரில் 100 - 240 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். லோ வோல்டேஜை அது சமாளித்துவிடும். 360 வோல்ட்டைச் சமாளிக்காது.

ஜெனரேட்டர் கரன்ட்டால் சாதனம் கெடுமா?

கெடலாம். பெரும்பாலும் காரணம் ஓவர்லோடு. 3 கேவிஏ ஜெனரேட்டர் 230 வோல்ட்டில் அதிகபட்சமாகத் தருவது 13 ஆம்பியர். 1 ஹெச்பி தண்ணீர் மோட்டார் ஓடும்போது அதில் பாதியை எடுக்கும், கிளம்பும்போது 30 ஆம்பியர் வரை கேட்கும். அந்த நொடியில் ஜெனரேட்டர் திணறி வோல்டேஜ் சரியும். அதே லைனில் டிவியும் வைஃபையும் இருந்தால் அவற்றுக்கும் அடி விழும்.

இன்ஜின் வேகமும் முக்கியம். பெரும்பாலான சின்ன ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கரன்ட் வரும். பெட்ரோல் தீரும் நேரத்தில் இன்ஜின் இழுத்து இழுத்து ஓடும், வோல்டேஜும் கூடவே ஆடும். அதனால் டேங்க் காலியாகும் வரை ஓட விடாமல், முதலில் சாதனங்களை ஆஃப் செய்து, பிறகு இன்ஜினை நிறுத்த வேண்டும். ஆன் செய்யும்போது வரிசை தலைகீழ்: இன்ஜின் சீராக ஓடியபிறகு சாதனங்கள் ஒவ்வொன்றாக, பெரிய மோட்டார் முதலில்.

லேப்டாப், மானிட்டர் போன்றவற்றுக்கு இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் நல்லது. விலை கூடுதல். ஆனால் இன்ஜின் வேகம் மாறினாலும் வெளியே வரும் கரன்ட் சீராக இருக்கும்.

பிளக்கில் செருகினால் என்ன ஆகும்?

வீட்டு சாக்கெட் கரன்ட்டை எடுப்பதற்கான இடம். அதில் ஜெனரேட்டரை இணைத்தால், மெயின் ஆனில் இருக்கும்வரை அந்தக் கரன்ட் மீட்டர் வழியாகப் பின்னோக்கிப் போய்க் கம்பத்தில் ஏறிவிடும். லைன் ஆஃப் என்று நினைத்துக் கம்பியில் கைவைக்கும் லைன்மேனுக்கு அங்கே 230 வோல்ட் காத்திருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் வரை போனால் இன்னும் மோசம். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதற்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பேதம் கிடையாது. பின்பக்கமாக 230 வோல்ட் ஏறினால், மேல்பக்கம் 10,000 வோல்ட் அளவுக்கு வெளியே வரும்.

‘ஒரு தெரு லோடையும் என் குட்டி ஜெனரேட்டர் எப்படித் தாங்கும்? உடனே நின்னுடுமே?’ என்று கேட்கலாம். பல நேரம் அப்படித்தான் நின்றுவிடும். ஆனால் புயலில் கம்பி அறுந்து உங்கள் வீடும் பக்கத்து வீடும் மட்டும் தனியாகத் தொங்கும்போது லோடு அதிகம் இருக்காது. ஜெனரேட்டர் நிம்மதியாக ஓடும். பழுதுபார்க்க ஆள் வருவதும் அந்த அறுந்த கம்பிக்குத்தான்.

வேலை தொடங்கும் முன் லைனில் கரன்ட் இருக்கிறதா என்று சோதித்து, கம்பிகளை எர்த் செய்ய வேண்டும் என்பது லைன்மேன்களுக்கான பாதுகாப்பு விதி. மழையில், இருட்டில், ‘கரன்ட் எப்ப வரும்?’ என்று ஊரே போன் அடிக்கும் நேரத்தில் அந்த ஒரு தடுப்பை மட்டும் நம்பி அவர் உயிர் இருக்கக் கூடாது.

‘மெயினை ஆஃப் பண்ணிட்டா போதாதா?’ போதாது. அது அந்த நேரத்து ஞாபகசக்தியை நம்பிய பாதுகாப்பு. ஒருமுறை மறந்தாலும், வீட்டில் வேறு யாராவது தெரியாமல் ஆன் செய்தாலும் கதை முடிந்தது. தவிர, இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயரில் ஒரு முனை கழன்று விழுந்தால் அதன் பித்தளைப் பின்களில் கரன்ட் இருக்கும். தொட்டால் ஷாக். மெயின் ஆனில் இருக்க, ஈபி கரன்ட் திரும்பி வந்துவிட்டால் இரண்டு மின்சாரமும் ஒத்திசைவு இல்லாமல் மோதும். ஜெனரேட்டரின் காயில் கருகும், வயர் தீப்பிடிக்கலாம்.

இதற்குத் தீர்வு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினால் ஈபி, மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் இணைய வழியே இல்லாதபடி அதன் அமைப்பு இருக்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் டூ-போல் வகையாக இருக்க வேண்டும். வீட்டு அளவுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்துத்தான் மாட்ட வேண்டும். ஜெனரேட்டருக்கு எர்த்தும் அவரே பார்த்துக் கொடுக்கட்டும். அது சரியாக இல்லாவிட்டால், ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டு ஆர்சிசிபி ஷாக்கைத் தடுக்காமல் போகலாம்.

மொட்டை மாடியில் சோலார் இருந்தும் கரன்ட் இல்லையே, ஏன்?

பேட்டரி இல்லாத, ஈபி லைனோடு இணைந்த சோலார் வைத்திருப்பவர்களின் பொதுவான புகார் இது. அதற்கும் இதே லைன்மேன்தான் காரணம். லைனில் கரன்ட் போனதைக் கண்டுபிடித்து, சுமார் 2 நொடிக்குள் தானாகவே நின்றுவிடும்படி அந்த இன்வெர்ட்டர்கள் வடிவமைக்கப்படுகின்றன. சோலார் இயந்திரம் தானாகச் செய்யும் அந்த வேலையை, ஜெனரேட்டர் வீட்டில் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் செய்கிறது.

கரன்ட் போனால் என்ன செய்யலாம்?

* ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார், டிவி ஸ்விட்சுகளை ஆஃப் செய்யுங்கள். ஒரு லைட் மட்டும் ஆனில் இருக்கட்டும். கரன்ட் வந்தது அதில் தெரியும்.
* கரன்ட் வந்து 5 நிமிடம் நிலையாக இருந்தபிறகு ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள்.
* வோல்டேஜ் அடிக்கடி ஆடும் பகுதி என்றால், மெயின் போர்டிலேயே ஓவர்-அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப் மாட்டலாம். நியூட்ரல் அறுந்தாலும் அது வீட்டைத் துண்டித்துவிடும்.
* சேஞ்ச் ஓவர் இல்லாத வீட்டில், ஜெனரேட்டரில் இருக்கும் சாக்கெட்டிலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகி, தேவையான சாதனங்களை மட்டும் நேராக இணையுங்கள்.
* ஜெனரேட்டர் எப்போதும் வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய அறையில், தூங்குபவர் எழாமலே போய்விடலாம்.
* பெட்ரோல் ஊற்றும் முன் இன்ஜினை நிறுத்தி ஆற விடுங்கள். பெட்ரோல் கேனை ஜெனரேட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். தீபாவளிக்கு வாங்கிய பட்டாசுப் பெட்டி இருக்கும் அறைப் பக்கமே இரண்டையும் கொண்டுபோக வேண்டாம்.

பழுதாகிவிட்டால் யாரிடம் கேட்பது?

மின்னழுத்தக் கோளாறு என்றால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் உடனே புகார் செய்து, புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பழுதான சாதனங்களின் படம், சர்வீஸ் சென்டர் தந்த ரசீது, அதே நேரத்தில் பாதிக்கப்பட்ட பக்கத்து வீடுகளின் விவரம் ஆகியவற்றோடு உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர் என்ற இரண்டு படிகளை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42-வது பிரிவு தருகிறது.

ஆனால் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்ததால் கருகிய டிவிக்கு யாரிடமும் போய் நிற்க முடியாது. ‘நாளைய மின்தடை’ பட்டியலில் ஆனைக்குட்டமோ உங்கள் ஊரோ இருந்தால், கரன்ட் போவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கிளம்பும் வயரின் மறுமுனை எங்கே போய் முடிகிறது?