வக்கீலுக்குப் போட்ட 144

144 தடை உத்தரவு என்றதும் நமக்குக் கலவரமும் கடையடைப்பும்தான் நினைவுக்கு வரும். 2021 அக்டோபரில் மியன்மாரின் ராணுவ ஆட்சி அதே பிரிவைக் காட்டி ஒரு வக்கீலுக்கு வாய்ப்பூட்டுப் போட்டது. ஆங் சான் சூகியின் தலைமை வழக்கறிஞர் கின் மாவுங் ஸா, பத்திரிகையாளர்களிடமோ வெளிநாட்டுத் தூதர்களிடமோ பேசக்கூடாது என்று உத்தரவு வந்தது. மூடிய நீதிமன்றத்தில் நடந்ததை அதுவரை உலகுக்குச் சொல்லிவந்தவர்கள் அவரும் அவருடன் வாதாடியவர்களும்தான்.

இந்த 144 இங்கிருந்து போனதுதான். 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம். அந்தப் பிரிவு உள்ள 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டம் அங்கேயே தங்கிவிட்டது. 1872 சாட்சியச் சட்டமும் தங்கியது. பின்னதன் 126-வது பிரிவு, கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வக்கீல் வெளியிடக்கூடாது என்கிறது. வழக்கு முடிந்தாலும் அந்தக் கடமை முடியாது. ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி நடத்திய நகரத்தார் மேலாள், செட்டிநாட்டு முதலாளி கொடுத்த பவர் பத்திரத்தோடு வக்கீலிடம் போனால் அடமான நிலம், வராக்கடன், பங்காளித் தகராறு என எல்லாவற்றையும் கொட்டித்தானே ஆகவேண்டும்? அந்த ரகசியத்துக்கு ரங்கூனிலும் சென்னையிலும் ஒரே காவல். இலங்கையின் 1895 சட்டத்திலும் மலேசியாவின் 1950 சட்டத்திலும் அது 126 தான். இந்தியாவில் 2024 ஜூலையில் 132 ஆனது.

ரகசியம் கட்சிக்காரரின் சொத்து. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது அவர் முடிவு. அந்த முடிவை மியன்மார் ராணுவ அரசு பறித்துக்கொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய ரங்கூனான யாங்கோனின் இன்செயின் சிறைக்குள்ளேயே தனி நீதிமன்றங்கள் நடக்கின்றன. கட்சிக்காரரிடம் தனியே பேச வழியில்லை என்பதையும், வாதாட வந்த வக்கீல்களே கைதானதையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2023-இல் பதிவு செய்தது.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தபடி யாங்கோன் வழக்கைக் கவனிக்கும் வக்கீல் என்ன செய்வது? சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏ.கே. பாலாஜி தொடுத்த வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம், சர்வதேச மத்தியஸ்தத்துக்கு வரும் வெளிநாட்டு வக்கீலும் நம் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவரே என்றது. சரியான தீர்ப்புதான். ஆனால் அது வருகிறவருக்கான விதி. வராமல், தூரத்திலிருந்து மின்னஞ்சல் அனுப்புகிறவருக்கு அது போதாது. அவர் அவசரத்தில் வெளியிடும் ஓர் அறிக்கைக்கு, யாங்கோனில் வக்காலத்துப் போட்டவர் சிறைக்குப் போக நேரலாம். "எங்கள் நாட்டில் இது குற்றமில்லையே" என்பது அந்த யாங்கோன் வக்கீலைக் காப்பாற்றாது. இரு நாட்டு விதிகளில் எது கட்சிக்காரரை அதிகம் காக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர், ஆவணம், வாக்குமூலம் எதுவானாலும் கட்சிக்காரரையும் அங்குள்ள வக்கீலையும் கேட்காமல் வெளியே விடக்கூடாது. வெளிநாட்டு வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில்கள், உள்ளூர் வக்கீலின் பாதுகாப்பையும் ஒரு கடமையாகத் தங்கள் விதிகளில் எழுதவேண்டும்.