பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாயில் விசாகப்பட்டினம்
ராணுவ ஓய்வு விடுதியில் தங்கி ஒரு குடும்பம் கடல் பார்த்து வந்த கதை

மாரெட்பள்ளியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தாரிடம் லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ஊருக்கு" என்ற பதில்தான் வரும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கருமாதி ஆகிய நான்கில் ஒன்றுக்காகத்தான் நாம் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். திரும்பும்போது கையில் லீவும் இருக்காது, காசும் இருக்காது. சும்மா நான்கு நாள் குடும்பத்தோடு எங்காவது போய் உட்கார்ந்து வரலாம் என்றால், "அதெல்லாம் பெரிய இடத்து விஷயம்" என்று சொல்லி விடுகிறோம்.

அடியேனும் அப்படிச் சொல்லிக் கொண்டிருந்தவன்தான். ரயில்வேயில் குமாஸ்தா. மாமனார் இ.எம்.இ. எனப்படும் ராணுவ இயந்திரப் பிரிவில் மெக்கானிக்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். கடைசி போஸ்டிங் திருமலகிரியில் என்பதால் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய உரிமையைக் கொண்டு 2025 ஜனவரியில் நாங்கள் ஆறு பேர் விசாகப்பட்டினம் போய், கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு ராணுவ ஓய்வு விடுதியில் தங்கி வந்தோம். மொத்தச் செலவு ரூ. 10,500. இந்தப் பகுதியில் முன்னாள் படைவீரர் வீடுகள் ஏராளம். அவர்களுக்குப் பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

யாருக்கு உரிமை?

முப்படைகளும் தங்கள் ஆட்களுக்காகப் பல ஊர்களில் ஓய்வு விடுதிகளும் ஹாலிடே ஹோம்களும் நடத்துகின்றன. இவை தவிர, மாநிலங்களின் சைனிக் நலத்துறைகள் 'சைனிக் ரெஸ்ட் ஹவுஸ்' என்ற பெயரில் விடுதிகள் வைத்திருக்கின்றன. பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், அவர்களைச் சார்ந்த குடும்பத்தார், படைவீரர்களின் விதவைகள் ஆகியோருக்காக ஏற்பட்டவை இவை. வாடகை சொற்பம். ஆனால் விதிகள் விடுதிக்கு விடுதி மாறும். சில இடங்களில் அதிகாரிகளுக்கு ஒரு கட்டடம், மற்றவர்களுக்கு வேறு கட்டடம். பணியில் இருப்பவர்களுக்கு முதலிடம் கொடுத்து, மீதி அறைகளைத்தான் ஓய்வு பெற்றவர்களுக்குத் தருவார்கள். ஆகவே விண்ணப்பம் போடும் முன் அந்தந்த விடுதியின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

என் போன்ற மருமகனுக்குத் தனியாக எந்த உரிமையும் கிடையாது. மாமனார் பெயரில் அறை, அவரும் கூடவே தங்க வேண்டும், நாங்கள் விருந்தாளிகள். எங்கள் விடுதியில் இதற்கு அனுமதி உண்டு. எல்லா இடத்திலும் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம்.

வாசலோடு திரும்பிய பிரயாணம்

2023 டிசம்பரில் ஒரு தடவை புறப்பட்டோம். அது படுதோல்வி. அறை உறுதியாகி இருந்தது. காலை ஆறரை மணிக்கு மூட்டை முடிச்சுகளோடு வாசலில் போய் நின்றோம். காவலில் இருந்த ஜவான் அடையாள அட்டை கேட்டார். மாமனார் பையிலிருந்து கேன்டீன் கார்டை எடுத்து நீட்டினார். அது சாமான் வாங்கும் கார்டு, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை வேண்டும் என்றார் ஜவான். பென்ஷன் புத்தகத்தின் ஜெராக்ஸைக் காட்டினோம். ஒரிஜினல் கேட்டார். எதுவும் எங்களிடம் இல்லை. அவர்மீது குற்றமில்லை, விதியைத்தான் சொன்னார். சின்னவள் தூக்கக் கலக்கத்தில் அழுதாள். ஒரு லாட்ஜில் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரே இரவு தங்கிவிட்டு மறுநாளே திரும்பினோம்.

அந்த அடையாள அட்டையை வழங்குவது மாவட்ட சைனிக் நல அலுவலகம். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, புகைப்படம், ஆதார் ஆகியவற்றைக் கொண்டுபோய் விண்ணப்பிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி, பிள்ளைகளின் பெயர்கள் சரியாகப் பதிவாகி இருக்கின்றனவா என்று பார்த்துக் கொள்ளுங்கள். மாமியாரின் பெயர் ஒன்றில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. அதைச் சரி செய்யவே எங்களுக்குப் பல நடை ஆயிற்று.

"கை நீட்டணுமா, மாப்பிள்ளை?"

காகிதத்தைவிடப் பெரிய தடை ஒன்று வந்தது. மாமனாருக்கு மனம் ஒடிந்துவிட்டது. "இருபத்து நாலு வருஷம் சர்வீஸ் பண்ணிட்டு, வாசல்ல நின்னு ரூமுக்குக் கை நீட்டணுமா, மாப்பிள்ளை? இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சலுகை விலை என்றாலே தர்மம் என்று நினைக்கிற தலைமுறை அது.

அவரிடம் அமெரிக்காவின் உதாரணத்தைச் சொன்னேன். ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில், உலகப் புகழ் பெற்ற வைகிகி கடற்கரையில், ராணுவத்துக்குச் சொந்தமான நிலத்தில் 'ஹலே கோவா' என்ற பெரிய ஹோட்டல் இருக்கிறது. ஹவாய் மொழியில் 'வீரனின் இல்லம்' என்று அர்த்தம். வியட்நாம் போர்க் காலத்தில் சிப்பாய்கள் வந்து இளைப்பாறிய அதே இடத்தில் 1975இல் திறக்கப்பட்டது. 1995இல் இன்னொரு கட்டடமும் சேர்ந்து, இன்று எண்ணூறுக்கு மேற்பட்ட அறைகள். அங்கே எல்லோருக்கும் ஒரே வாடகை கிடையாது. பதவி உயர உயர வாடகையும் உயரும், கீழ்மட்டச் சிப்பாய்க்குத்தான் குறைவு. வரிப்பணத்தை எதிர்பாராமல், தங்குகிறவர்கள் கொடுக்கும் பணத்திலேயே அது நடக்கிறது. அங்கே போகிற சிப்பாய் தர்மம் வாங்குவதாக யாரும் நினைப்பதில்லை.

"மாமா, நீங்களும் வாடகை கொடுத்துத்தானே தங்கப் போகிறீர்கள்? அந்தக் கட்டடமே உங்களைப் போன்றவர்களுக்காகக் கட்டியதுதானே?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறு வாரம் டிரங்குப் பெட்டியிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, புது பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார்.

தேதி பார்ப்பது

முகூர்த்தத்துக்கு நாள் பார்ப்பது போலவே இதற்கும் நாள் பார்க்க வேண்டும். சங்கராந்தி வாரத்தில் செகந்திராபாத்தில் பாதி ஜனம் ஆந்திராவுக்குப் புறப்படும். அப்போது அந்தப் பக்கம் வண்டி ஏறுவது வீண் வம்பு. தசரா லீவிலும் கூட்டந்தான். தவிர, அக்டோபர், நவம்பர் மாதங்கள் அந்தக் கரைக்குப் புயல் காலம். 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கலாம். மே மாதத்தில் வெயிலும் புழுக்கமும் தாங்காது.

நாங்கள் ஜனவரி கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வியாழன் மாலை ஏறி வெள்ளி காலை இறங்கினோம். ஞாயிறு மாலை அங்கே ஏறி, திங்கள் விடியற்காலை செகந்திராபாத். எனக்கு ஒரே ஒரு கேஷுவல் லீவு. குழந்தைகளுக்குப் பள்ளியும் ஒரு நாள்தான் போயிற்று.

ரயிலில் ஒரு நுணுக்கம்

1974இல் தொடங்கிய கோதாவரி எக்ஸ்பிரஸ் இந்தப் பிரயாணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வண்டி. சுமார் எழுநூறு கிலோமீட்டரை ஒரே இரவில் கடந்துவிடும். 2023 ஜனவரியிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. ஆனால் அது பகல் வண்டி, கட்டணமும் அதிகம்.

என் பாஸில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் வரலாம். மாமனார், மாமியார் வர முடியாது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே அவர்கள் இருவருக்கும் முழுக் கட்டணம். ஆனால் கீழ் பெர்த்துக்கான ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. அறுபது வயதான ஆணும் நாற்பத்தைந்து வயதான பெண்ணும் கேட்கலாம். இதில் பலர் செய்யும் தவறு, வீட்டார் எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போடுவது. அப்படிப் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. பெரியவர்கள் இருவருக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்து, அந்த ஒதுக்கீட்டில் கேட்க வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அறைக்கு முதலில் எழுதி, உறுதியான பிறகு அறுபதாம் நாள் காலையிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

கணக்கு

மாமியார் ஒரு பழைய கடுகு டப்பாவில் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஒரு வருஷம் போட்டு வந்தார். ஐந்நூறு என்னுடையது, ஐந்நூறு அவருடையது. பன்னிரண்டாயிரம் சேர்ந்தது. செலவு இப்படி:

பெரியவர்கள் இருவருக்கும் போக வர ஸ்லீப்பர் கட்டணம்: ரூ. 1,700
இரண்டு அறை, இரண்டு இரவு: ரூ. 2,000
ஆறு பேருக்கு மூன்று நாள் சாப்பாடு: ரூ. 3,600
பஸ், ஆட்டோ: ரூ. 1,800
பார்க்கும் இடங்களின் டிக்கெட்: ரூ. 500
வழிச் செலவு, இதரம்: ரூ. 900
ஆக மொத்தம்: ரூ. 10,500

பாஸ் இல்லாதவர்கள் ரயில் கட்டணத்தைத் தங்கள் ஆள் கணக்குப்படி கூட்டிக் கொள்ளவும். அறை வாடகையில் மிச்சம் பிடித்ததைச் சாப்பாட்டில் விட்டுவிடக் கூடாது. காலையும் இரவும் விடுதி மெஸ்ஸிலேயே சாப்பிட்டோம். ரயிலுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வீட்டிலிருந்தே போயின. மீதி ஆயிரத்து ஐந்நூறு மறுபடி டப்பாவுக்கே போயிற்று.

கடலும் கப்பலும்

ராமகிருஷ்ணா கடற்கரை பார்க்க அழகு. குளிப்பதற்கு ஆபத்தானது, அடியிழுப்பு அதிகம். குழந்தைகளைக் கால் நனைக்க விடுவதானாலும் கையை விடாதீர்கள். தண்ணீரில் இறங்க வேண்டுமானால், நகரிலிருந்து எட்டுப் பத்து கிலோமீட்டரில் உள்ள ருஷிகொண்டாவுக்குப் போய், உயிர்காப்பாளர்கள் நிற்கும் பகுதியில் இறங்குங்கள். அந்தக் கரை 2020இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. கடற்படை வளாகங்களில் படம் எடுக்கக் கூடாது என்று குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சனிக்கிழமை 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பலுக்குப் போனோம். சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1969இல் நமது கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெற்றது. 2002 முதல் கடற்கரை மணலிலேயே காட்சிசாலையாக நிற்கிறது. சுமார் 91 மீட்டர் நீளம். திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே விளக்கம் சொல்பவர்கள் ஓய்வு பெற்ற கடற்படையினர். டீசல் எஞ்சின் இருக்கும் பகுதிக்கு வந்ததும் மாமனார் நின்றுவிட்டார். வழிகாட்டியிடம் ஹிந்தியில் ஏதோ கேட்டார். அவர் திரும்பிப் பார்த்து, "எந்த யூனிட், சாப்?" என்றார். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு நிற்கவில்லை. பின்னால் ஜனம் நெருக்கியது. என் பையன், "தாத்தாவை அந்த மாமா சார்னு கூப்பிட்டார்" என்று வெளியே வந்து பாட்டியிடம் சொன்னான்.

மறுநாள் குடியரசு தினம். விடுதி வளாகத்தில் கொடி ஏற்றினார்கள். தங்கியிருந்த பழைய சிப்பாய்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் மூன்றாவது ஆளாக நின்றார். மாமியார் அன்று மாலை வரை கடலையே பார்த்துக் கொண்டிருந்தார். கணவர் எல்லையில் இருந்தபோது ஊரில் பிள்ளை வளர்த்தவர் அவர். "இத்தனை வருஷமா இவங்க சர்வீஸ்ல நான் கண்டது கேன்டீன் சாமான்தான்" என்று மட்டும் சொன்னார்.

மற்றவர்களுக்கு

ராணுவத் தொடர்பு இல்லாதவர்கள் சோர வேண்டியதில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்குக் கன்னியாகுமரி, கோவா முதலிய இடங்களில் ஹாலிடே ஹோம்கள் உண்டு. ரயில்வேயிலும் சிப்பந்திகளுக்கான ஹாலிடே ஹோம்கள் இருக்கின்றன. வங்கி ஊழியர்கள் தங்கள் சங்கத்தில் விசாரிக்கலாம். எதுவும் இல்லாதவர்கள் சிம்மாசலம் தேவஸ்தானத்தின் சத்திரங்களில் தங்கி, வராக நரசிம்மரைத் தரிசித்துவிட்டு பஸ்ஸில் கடற்கரைக்குப் போகலாம்.

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் தெருவில் ஒரு சிப்பாயின் விதவை இருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். கணவர் போன பிறகு தனக்கு பென்ஷனைத் தவிர வேறு எந்தப் பாத்தியதையும் கிடையாது என்று எண்ணிக் கொண்டிருந்தார். விதவைகளுக்கும் அதே சைனிக் அலுவலகத்தில் தனி அடையாள அட்டை உண்டு, அதைக் காட்டி இந்த விடுதிகளில் அறை கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் திரும்பி வந்த மறு வாரம் மாமனாரே அவரை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அட்டை வந்துவிட்டது. பெண்களின் பரீட்சை முடிந்ததும் போவதாக இருக்கிறார்கள்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கக் கூடும். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.