குச்சியும் மூட்டும்: தொடக்க வகுப்புகளில் கட்டமைப்பு அறிவியல்

தொடக்கப்பள்ளி அறிவியல் பாடநூல்களில் ‘செய்து பார்’ என்னும் பகுதிக்குக் குறைவில்லை. ஆயினும் விடையை முன்பத்தியிலேயே கூறிவிட்டுப் பின்பத்தியில் செய்யச் சொல்லும்போது, குழந்தையின் கை இயங்குகிறதே தவிர ஐயம் எழுவதில்லை. செய்பொருளே சரி தவறைக் காட்டும் செயல்பாடு எவ்வாறு அமையும் என்பதைத் தீக்குச்சியும் மிதிவண்டி வால்வு டியூபும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இச்செயல்பாடு ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு தொடர்புடையது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப்பள்ளிகளில் இத்திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய மையம் ஆகிய அமைப்புகள் இதனை முன்னெடுத்தன. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பின்னர் இதனைத் தொடர்ந்து நடத்தியது. 1970களின் பிற்பகுதியில் இதில் பங்கேற்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, கிராமச் சந்தையில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு உருவாக்கியதே தீக்குச்சி மாதிரிகள். நடுநிலை வகுப்புகளுக்கென எழுந்த சூழலில் பிறந்தவையாயினும், இவற்றின் தொடக்கப் படிகள் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டுவன.

மருந்து சுரண்டி நீக்கப்பட்ட மரக் குச்சிகளே இதற்கு ஏற்றவை. மெழுகுக் குச்சிகள் வளைந்துவிடும். சுமார் ஒன்றரை செ.மீ. நீளமுள்ள டியூப் துண்டின் இரு முனைகளிலும் குச்சிகளைச் செருகினால் இருகுச்சி மூட்டு கிடைக்கும். அதன் நடுவே துளையிட்டு மற்றொரு குச்சியைச் செருகினால் முக்குச்சி மூட்டு. துளையிடும் பணியை ஆசிரியர் செய்து தருவது நலம்.

முக்கோணம் செய்து அழுத்தும் குழந்தை, அது உருமாறாமையைக் காண்கிறது. சதுரமோ தொட்டவுடன் சாய்ந்து சாய்சதுரமாகிறது. அதனை நிறுத்த மூலைவிட்டமாக ஒரு குச்சியை இடச் சொன்னால், குச்சி எட்டுவதில்லை. மூலைவிட்டம் பக்கத்தைவிட ஏறத்தாழ 1.41 மடங்கு நீளமானது. இவ்விடத்தில் ஆசிரியர் குறுக்கிடாதிருப்பதே இச்செயல்பாட்டின் உயிர். சிலர் நீண்ட ஈர்க்குச்சியைத் தேடலாம். சிலர் சதுரத்தை நெருக்கி, எட்டாத குச்சியை எட்டவைத்துவிடலாம். அப்போது சதுரம் மறைந்து, ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்ட இரு சமபக்க முக்கோணங்கள் உருவாகின்றன. சதுரம் கேட்கப்பட்டதெனக் கொண்டு இதனைப் பிழையெனத் திருத்தும் ஆசிரியர், அவ்வகுப்பின் சிறந்த கண்டுபிடிப்பை இழக்கிறார்.

முப்பரிமாணத்தில் இது மேலும் தெளிவாகிறது. 12 குச்சிகளால் கனசதுரம் செய்தால் அது சரிந்து விழும். அதே 12 குச்சிகளால் எண்முகி செய்தால் நிமிர்ந்து நிற்கும். குச்சிகளின் எண்ணிக்கை ஒன்றே; மூட்டுகளின் எண்ணிக்கைதான் வேறு. மூட்டுகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால், சட்டகம் உருக்குலையாதிருக்க வேண்டிய குச்சிகளின் குறைந்த அளவு கிடைக்கும் என்று ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1864இல் காட்டினார். சில விதிவிலக்குகள் உண்டெனினும் இங்கு அது பொருந்துகிறது. எண்முகிக்கு மூட்டு 6, தேவை 12. கனசதுரத்திற்கு மூட்டு 8, தேவை 18. பற்றாக்குறை 6, அதாவது முகத்திற்கு ஒரு மூலைவிட்டம். குழந்தைக்கு இச்சூத்திரம் தேவையில்லை. ஆசிரியருக்குத் தேவை, எந்த வடிவம் நிற்கும் என்பதை முன்னறிந்தவரே பதற்றமின்றிக் காத்திருக்க இயலும்.

பொருட்செலவு இத்தகைய கற்பித்தலுக்குத் தடையாவதில்லை. மதிப்பீடே கடினமானது. ஹோஷங்காபாத் திட்டம் இதனை உணர்ந்து, புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் நடைமுறைப்படுத்தியது. முப்பதாண்டு நடந்த அத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்தியது. அதனோடு அத்தேர்வு முறையும் பள்ளிகளிலிருந்து நீங்கியது. செயல்பாட்டைப் பாடநூலில் சேர்த்து, தேர்வில் மட்டும் வரையறை கேட்கும் முறை நீடிக்குமாயின், ஆசிரியர் வரையறையையே கற்பிப்பார். அவரைக் குறைகூறுவதிற் பயனில்லை.

தொடக்க வகுப்பிற்கேற்ற வினாவொன்றை இங்குச் சுட்டலாம். ஒன்பது குச்சிகளாலான முக்கோணப் பட்டகம் ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்து, அது சாயாதிருக்க இன்னும் எத்தனை குச்சிகள், எவ்வெவ்விடங்களில் வேண்டும் எனக் கேட்கலாம். மூன்று நாற்கர முகங்களையும் சுட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலைவிட்டம் என்பதே விடை. எழுதத் தெரியாத குழந்தையும் இதனைத் தொட்டுக் காட்டிவிடும்.