மணலும் தண்டும்

தொடித்தலை விழுத்தண்டினார்க்குப் பெற்றோர் இட்ட பெயர் நமக்கு எட்டவில்லை. பூண் கட்டிய ஊன்றுகோல் ஒன்று அவர் பாட்டில் வருகின்றது. அக்கோலே அவர்க்குப் பெயராயிற்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டு அது. அடிகள் 14.

யான் பண்டித வகுப்பில் இதனைப் பாடங்கேட்டபோது, "நிலையாமை கூறியது" என்று ஒரே தொடரில் விளக்கம் முடிந்தது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பின்னர் முப்பது ஆண்டுகளாக யானும் அதனையே சொல்லிக் கொடுத்தேன். அது பிழை என்று இப்பொழுது படுகின்றது.

நிலையாமை கூற வந்த நூல் நாலடியார். அங்கே இளமை நிலையாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. இளமை கழியும், ஆதலின் அறஞ் செய்க என்பது அதன் போக்கு. விழுத்தண்டினார் அந்த 'ஆதலின்' பக்கமே வருவதில்லை. நினைக்கின்றார், இரங்குகின்றார், அவ்வளவே.

எதை நினைக்கின்றார்? மணலிலே பாவை செய்து, பூச்சூட்டி, நீராடும் மகளிர். அவரோடு கைகோத்து ஆடிய, ஒளிவுமறைவு அறியாத தோழர் கூட்டம். துறையிலே மருதமரம் தாழ்ந்து நிற்கின்றது. நீர்மேற் படிந்த கொம்பில் ஏறி, கரையில் நிற்போர் மருள, திவலை தெறிக்க, மடுவிற் பாய்கின்றான் ஒருவன். அடிநிலத்தைத் தொட்டதற்குச் சான்றாக மணலை அள்ளிக்கொண்டு எழுகின்றான். அந்த மணல் விற்கவும் உதவாது, வீடு கட்டவும் உதவாது. அன்று அதைவிடப் பெரிய செல்வம் இல்லை.

இவையெல்லாம் எச்சத்தின்மேல் எச்சமாக, மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாய் ஓடுகின்றன. திடீரென ஓர் இரக்கம், ஒரு வினா. பிறகு தண்டு, நடுக்கம், இருமல்.

ஈண்டு யாப்பிலே ஒரு நுட்பம் உண்டு. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீரால் வரும். எல்லாப் புலவர்க்கும் பொதுவான விதி. இருமலினூடே சில சொற்களே எழுவதைச் சொல்லும் அடி, இப்பாட்டில் அந்த ஈற்றயலடிதான்! ஒரு சீர் குறையும் இடத்திற் கிழவரின் மூச்சும் குறைகின்றது. கருதிச் செய்ததாயினும் ஆகுக, தானே அமைந்ததாயினும் ஆகுக. வாய்விட்டுப் படிப்போர் அதனை உணராதிருத்தல் அரிது.

இன்னொன்று. இப்பாட்டின் துறை கையறுநிலை. பெரும்பாலும் இறந்தோர்க்கு இரங்கும் துறை. முன்னுள்ள 242, ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடியது. பின்னுள்ள 245, மனைவியை இழந்த சேரமான் ஒருவன் பாடியது. இந்தச் சாவுப் பாட்டுகளுக்கு நடுவே இதனையும் வைத்தார்கள் பழையோர். இங்கே இறந்தவர் யார்? மருதங்கொம்பிலிருந்து பாய்ந்த அந்தப் பையன். அழுகின்றவரும் அவரே. தலைவனை இழந்தால் உடனழ ஊருண்டு. இவருக்கு யார் உண்டு? பாட்டு ஒருமையில் முடியவில்லை, பன்மையில் முடிகின்றது. மரியாதைப் பன்மை என்று தள்ளிவிடலாம். அன்று உடன் பாய்ந்தவர் சிலர் இன்று உடன் கோலூன்றி நிற்கின்றனர் என்று கொள்வதே எனக்கு உவப்பு.

சென்ற தவணையில் வகுப்பிலே இதனைப் படித்துக் காட்டினேன். இருமல் வரும் அடியில் எனக்கும் இருமல் வந்துவிட்டது. மாணவர் சிரித்தனர். யான் நடித்துக் காட்டுவதாக எண்ணினர் போலும்.