பல நாய்கள் உள்ள பண்ணையில் ஒரு நாய்க்குப் பத்திய ஆகாரம்

களத்திற்கு ஒன்று, தொழுவத்திற்கு ஒன்று, தோப்புக் காவலுக்கு ஒன்று என இரண்டு மூன்று நாய்களை ஒருங்கே வைத்து வளர்ப்பது நிலக்காரர் வீடுகளில் நெடுநாளைய வழக்கமாகும். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாட்டு இனங்களாயினும் சரி, இனம் தெரியாத காவல் நாய்களாயினும் சரி, அவை யாவற்றுக்கும் ஒரே பானையில் சோறு வடித்து, அடுத்தடுத்து வைத்த தட்டுகளில் ஊற்றி விடுவதே சாதாரண முறை. நாய்கள் யாவும் சுகமாயிருக்கும் வரையில் இம்முறையால் பெரிய கெடுதல் நேர்வதில்லை. அவற்றுள் ஒன்று நோயுற்று, கால்நடை வைத்தியர் அதற்குப் பத்தியம் விதித்த அன்று முதல் சங்கடம் தொடங்குகிறது. மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து விழுங்கச் செய்வது இரண்டு நிமிஷ வேலை. பத்தியத்தைக் காப்பதோ நாள் முழுவதும், மாதக் கணக்கில், சில வியாதிகளில் ஆயுள் முடியும் வரையில் செய்ய வேண்டிய காரியம்.

பத்தியம் கெடுவது இரண்டு வழிகளில் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நோயுற்ற நாய் மற்றவற்றின் தட்டில் வாய் வைப்பது ஒன்று. இதை எல்லோரும் கவனிக்கிறார்கள். நோயுற்ற நாயின் தட்டை இளைய நாய்கள் காலி செய்து விடுவது மற்றொன்று. இது பலர் கண்ணில் படுவதில்லை. கூட்டத்தில் உண்ணும் நாய், பக்கத்திலுள்ளது பறித்துக்கொள்ளுமோ என்ற அச்சத்தால் மெல்லாமல் விழுங்கும். வயதாலும் நோயாலும் தளர்ந்த நாய் மெதுவாக உண்ணும். இளைய நாய் வந்து நின்றதும் ஒதுங்கி விடும். தட்டு காலியாயிருப்பதைக் கண்ட வீட்டார் கிழ நாய் நன்றாகத் தின்றதாக எண்ணுவர். அது நாளுக்கு நாள் இளைத்து வருவதை வியாதியின் மேல் ஏற்றிச் சொல்லுவர்.

பத்தியத்தால் மிகுந்த பலன் காணக்கூடிய நோய்களில் நாட்பட்ட சிறுநீரக நோய் முக்கியமானது. வயது முதிர்ந்த நாய்களிடம் இது அதிகம் காணப்படும். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பின்னரே வெளிக்குறிகள் தோன்றுவதால், நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழிப்பதை வீட்டார் உணரும்போது நோய் வேரூன்றியிருக்கும். பின்னர் பசி குறையும். வாந்தி, வாய் நாற்றம், உடல் மெலிவு ஆகியவை தொடரும். இரத்தத்தைச் சோதித்து நோயை நான்கு படிகளாகப் பிரிப்பது இக்காலத்து வைத்திய முறை. பெரும்பாலும் இரண்டாம் படியிலிருந்தே பத்தியம் விதிக்கப்படுகிறது.

இப்பத்தியத்தின் சாரம் பாஸ்பரஸ் சத்தைக் குறைப்பதாகும். பழுதுபட்ட சிறுநீரகம் அதை வெளியேற்ற இயலாமையால் அது இரத்தத்தில் தேங்கி, எஞ்சிய சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. உப்பையும் மட்டுப்படுத்த வேண்டும். புரதச் சத்தோ அளவாகவும் உயர்ந்த ரகமாகவும் இருத்தல் வேண்டும். மாமிசம் ஆகாது என்று கேட்ட மாத்திரத்தில் புரதத்தை அடியோடு நிறுத்தி, வெறுஞ்சோறும் மோரும் வார்ப்பது தவறு. அவ்விதம் செய்தால் நாயின் தசை கரைந்து, நோயைவிடப் பட்டினியே முந்திக்கொள்ளும். இத்தகைய ஆகாரத்தின் பலன் சோதித்து அறியப்பட்டது. அமெரிக்காவில் சிறுநீரக நோயுற்ற 38 நாய்களை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பத்திய ஆகாரமும் மற்றொன்றுக்குச் சாதாரண ஆகாரமும் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் வரை கவனித்து 2002-ல் வெளியிட்ட முடிவின்படி, பத்திய ஆகாரம் உண்டவற்றுக்கு இரத்தத்தில் நஞ்சேறும் நெருக்கடி நேரும் அபாயம் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருந்தது. வேறு எந்த மருந்துக்கும் குறையாத பலன் இது. ஆனால் அந்த நாய்கள் வேறொன்றையும் தின்னாதபடி காக்கப்பட்டவை என்பதை மறக்கலாகாது.

பண்ணையில் அவ்விதம் காப்பது எளிதன்று. எலும்பு முழுவதும் பாஸ்பரஸ் நிறைந்தது; மற்ற நாய்க்குப் போட்ட ஒரு எலும்பைக் கிழ நாய் கவ்விக்கொண்டு போனால் பல நாளைய கட்டுப்பாடு வீணாகும். இவ்வளவும் வீட்டார் அறிவர். கறவை மாட்டுக்கு வைக்கும் தாது உப்புக் கலவையிலும், தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதியாக உண்டென்பதும், தொழுவத்தில் படுக்கும் நாய் மாட்டுத் தொட்டியை நக்குவது வழக்கமென்பதும் பலர் நினைவில் வருவதில்லை. கருவாட்டுத் தலையில் உப்பும் பாஸ்பரஸும் ஒருங்கே உண்டு. கன்று ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடி, வரப்பில் அடித்துப் போட்ட எலி, செத்த கோழி ஆகியவையும் பத்தியத்தைக் கெடுப்பவையே. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு எந்த நாய்க்கும் ஆகாது. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு நாயின் ஈரலைக் கொல்லக்கூடியது. முட்டையின் வெள்ளைக் கருவோ இந்நோய்க்கு உகந்தது. அதில் 100 கிராமுக்குச் சுமார் 15 மில்லிகிராம் பாஸ்பரஸே உண்டு. மஞ்சள் கருவிலோ 390 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆகவே வேக வைத்த முட்டையை உடைத்து, வெள்ளையைக் கிழ நாய்க்கும் மஞ்சளை இளைய நாய்க்கும் பங்கிடலாம். ஆயினும் வெள்ளைக் கருவையும் தீட்டிய அரிசிச் சோற்றையும் மட்டும் வைத்து வீட்டாரே பத்தியம் அமைத்துக்கொள்வது போதாது. சுண்ணாம்புச் சத்து முதலியவை அதில் குறைவுபடும். வைத்தியர் எழுதிக் கொடுத்த கணக்குப்படியே சேர்க்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய தவறைக் குறிப்பிடுதல் அவசியம். நாய் இரவெல்லாம் சிறுநீர் கழித்துத் திண்ணையை நனைக்கிறதென்று தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்து விடுவோர் உண்டு. சிறுநீரகம் கெட்ட நாய் தண்ணீரை உடலில் நிறுத்திக்கொள்ள இயலாதது; குடிப்பதை நிறுத்தினால் சிறுநீர் குறையாது, நாய் வறண்டு போகும். ஒரே இரவில் அதனால் உயிருக்கு ஆபத்து நேரலாம். நாயைத் தனியே கட்டும் இடத்திலும் தண்ணீர் இருக்க வேண்டும். மற்ற நாய்கள் சட்டியைக் கவிழ்ப்பதுண்டாகையால் கனமான கல் தொட்டியாயிருப்பது நல்லது.

இத்தனை தொல்லைக்கு எல்லா நாய்களுக்கும் பத்திய ஆகாரத்தையே வைத்து விடலாமே என்று தோன்றலாம். கொழுப்புக் குறைந்த ஆகாரத்தை வளர்ந்த நாய்கள் யாவும் உண்ணலாம். அளவைச் சற்றுக் கூட்டினால் போதும். சிறுநீரகப் பத்தியத்தின் கதை வேறு. வளரும் குட்டிக்கும், சினையுற்ற அல்லது பால் கொடுக்கும் பெட்டைக்கும் புரதமும் பாஸ்பரஸும் சுண்ணாம்புச் சத்தும் நிறையத் தேவை. அவற்றை இந்த ஆகாரத்தில் விட்டால் எலும்பு உறுதிப்படாமலும் பால் வற்றியும் கெடும். தவிர, கடையில் விற்கும் பத்தியத் தீனியின் கிரயம் அதிகம். சுகமான நாய்கள் அதைத் தின்பது பணத்தைத் தெருவில் கொட்டுவதாகும்.

ஆகையால் தனித்தனியே உண்ண வைப்பதே வழி. நாய்களைத் தட்டு வைக்கும் முன்னரே கட்டி விட வேண்டும். தட்டைக் கண்ட பின் பிடிக்கப் போனால் சண்டை மூளும். ஒன்றை ஒன்று காணாதபடி, ஒன்றைத் தொழுவத்தின் பின்புறமும் ஒன்றைக் கிணற்று அறையிலும் ஒன்றை வாசலிலும் கட்டுவது நலம். வெறும் தூரம் மட்டும் போதாது. எதிரில் மற்றொரு நாய் தின்பதைக் கண்டால் நோயுற்ற நாய் தன் தட்டை விட்டு அதையே நோக்கி நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஆகாரம் வைக்க வேண்டும். முன்னால் தின்று முடித்த நாய் சும்மாயிருக்காது. 15 அல்லது 20 நிமிஷங்களுக்குப் பின், மிச்சமிருந்தாலும் தட்டுகளை எடுத்துக் கழுவி, தரையில் சிந்தியதைப் பெருக்கிய பிறகே கட்டவிழ்க்க வேண்டும். நாள் முழுவதும் தட்டில் ஆகாரம் கிடக்கும்படி விடும் வழக்கத்தைப் பல நாய்கள் உள்ள வீட்டில் அறவே ஒழிக்க வேண்டும். பாஸ்பரஸைக் கட்டும் மருந்தைச் சோற்றுடன் கலந்து கொடுக்கும்படி வைத்தியர் சொல்லியிருப்பின், அந்தச் சோற்றை அந்த நாயே உண்டதா என்பதைக் கண்ணால் கண்டறிய வேண்டும்.

புதிய ஆகாரத்தை ஒரே நாளில் மாற்றாமல், பழையதில் சிறிது சிறிதாகக் கலந்து 7 முதல் 10 நாட்களில் மாற்றுவது முறை. வெதுவெதுப்பாகக் கொடுத்தால் வாசனை எழுந்து பசியைத் தூண்டும். நாய் வாந்தியால் வருந்தும் நாளில் பத்தியத்தைப் புகுத்தினால், அந்த ஆகாரத்தையே பின்னர் வெறுத்து விடும். வாந்தி தணிந்த பின் தொடங்க வேண்டும்.

நாய்களைக் கட்டி வைக்கலாம். மனிதரைக் கட்டி வைக்க முடியாது. பண்ணை ஆள் தன் கஞ்சியில் ஒரு கை போடுவான். பாட்டியார் பால் சோற்றை உருட்டிக் கொடுப்பார். குழந்தைகள் பிஸ்கத்து எறிவார்கள். ஒவ்வொருவரும் தாம் கொடுத்தது கொஞ்சம்தான் என்றே கருதுவர். ஆகாரம் கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, பத்திய நாயின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டி, அக்கயிறுள்ள நாய்க்கு எவரும் எதுவும் கொடுக்கலாகாதென்று அறிவித்து விட்டால் ஆட்கள் மாறினாலும் குழப்பம் வராது. கொடுத்தே தீரவேண்டும் என்னும் பெரியவர்களுக்கு, அன்றைய பத்திய ஆகாரத்திலிருந்தே ஒரு பிடியை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து வைப்பதுண்டு. இது நல்ல யுக்தி. பாசத்தைத் தடுப்பதைவிடத் திருப்பி விடுவது சுலபம்.

வேறு வியாதிகளில் எச்சரிக்கை வேறு விதமானது. கணைய அழற்சி கண்ட நாய்க்குக் கொழுப்பே சத்துரு; விருந்து நாளில் எச்சில் இலையை ஒரு முறை நக்கியதே நோய் திரும்பப் போதுமானதாகலாம். நீரிழிவுள்ள நாய்க்கு 12 மணிக்கு ஒரு முறை ஆகாரமும் இன்சுலின் ஊசியும் விதிக்கப்படும். அதன் சோற்றை மற்றொரு நாய் தின்றிருக்க, அறியாமல் முழு ஊசியையும் போட்டு விட்டால், இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து நாய் தள்ளாடி விழுந்து வலிப்பு காணும். எனவே உண்டதைப் பார்த்த பிறகே ஊசி. ஆகார ஒவ்வாமையால் ஓயாது சொறியும் நாய்க்கு, அது முன் தின்றறியாத ஆகாரத்தை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். இதில் மற்றத் தட்டின் ஒரு வாய் மாட்டிறைச்சியோ பாலோ, ஏன், மாமிச வாசனையூட்டிய பூச்சி மாத்திரையோ கூட, சோதனையை முதலிலிருந்து தொடங்கச் செய்யும். வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு எந்த நாய்க்கும் கூடாது. அது இரத்த அணுக்களை அழிப்பது.

பருத்த நாய்க்கு அளவைக் குறைப்பதும் பத்தியமே. 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவிகிதம் குறைவாக ஆயுள் முழுவதும் ஆகாரம் கொடுத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2002-ல் வெளிவந்தது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13.0 ஆண்டு; மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. ஆனால் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் இயல்பாகவே ஒல்லியானவை. அவற்றின் விலா தெரிவதைக் கண்டு இரங்கி ஆகாரத்தைக் கூட்டுவதும், அவற்றின் அளவைக் கொண்டு மற்ற நாய்களைக் குறைப்பதும் பிசகு.

பத்தியம் பலிக்கிறதா என்பதை நிறுவையே சொல்லும். தானிய மூட்டை நிறுக்கும் தராசு பண்ணைகளில் இருப்பதால் இதற்குத் தனிச் செலவில்லை. ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பின் தனியே ஏறி, வித்தியாசத்தைக் குறிக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எல்லா நாய்களையும் நிறுத்து நாட்குறிப்பில் எழுதி வந்தால், கிழ நாய் இறங்கி இளைய நாய் ஏறுவது ஒரு மாதத்தில் வெளிப்படும். வைத்தியரிடம் செல்லும்போது அக்குறிப்பைக் கொண்டு போவது, வாய்மொழியாய்ச் சொல்லும் நீண்ட கதையைவிட உதவும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் பங்குண்டு. இறைச்சிக் கடைக் கழிவும் செத்த கால்நடையும் திறந்த வெளியில் கிடக்கும் ஊரில் எந்த வீட்டு நாயும் பத்தியத்தில் நிற்காது. ஆட்டின் பச்சைக் குடலையும் ஈரலையும் தின்னும் நாய்களின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டைகளால் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாவதால், இது நாய் வளர்ப்போரின் கவலை மட்டுமன்று. கழிவை ஆழப் புதைக்க இடம் ஒதுக்கி, அதைச் சுற்றி நாய் நுழையாத வேலி போடுவது ஊராட்சியால் ஆகக்கூடியதே.

பத்திய நாய் ஒரு வேளை உண்ணாவிட்டால் அடுத்த வேளை வரை பார்க்கலாம். ஒரு நாள் முழுவதும் தொடாவிட்டாலும், வாந்தி கண்டாலும், மறுநாள் காலையிலேயே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். நீரிழிவுள்ள நாயாயின் ஒரு வேளை கூடக் காத்திராமல், ஊசி போடுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.